தகரத்தின் தோள்கள்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது அம்மா. முதுகுக்கு அணைவாக இருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிற பிழைப்பு என்னுடையது, அதனால் எங்கே போனாலும் என் கண் முதலில் நாற்காலிமேல்தான் போகும். உங்களுடையது ஆடுகிறது. ஒரு காலுக்கடியில் காகிதம் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொள்கிற ஐயாவுக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன். கேட்கிறவர் முகம் வாடினால் எனக்குக் கதை ஓடாது.

கதை என்று வாயில் வந்துவிட்டது. நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். பெரிய போர்வைகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். ஆகவே கதை சொல்லுவேன். எதிரே நிற்கிறவள் கதையில் ஒன்றிவிட்டால் அவள் பக்கத்துப் போர்வை முனை தாழும். அலுத்துவிட்டால் வெடுக்கென்று இழுப்பாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் போர்வை முனைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. வேறு யாரிடமும் நான் பாடம் கேட்டதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு, இணையத்தில் வாராவாரம் ஒரு படக்கதை போட ஆரம்பித்தேன். தகரம் என்று ஒரு ரோபோ. ஒரு காலத்தில் திருடர்களுக்காகக் கதவு உடைத்த இயந்திரம். ஒரு வீட்டில் அதன் கையால் ஒருவர் இறந்துபோகிறார். உருக்கிவிடச் சொல்லித் தீர்ப்பாகிறது. ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி, அடுப்பில் கரி அள்ளிப் போட ஆள் வேண்டும் என்று அதைக் கேட்டு வாங்கி வருகிறாள். அன்றிலிருந்து தகரம் வாரம் ஒரு முறை, இறந்தவர் வீட்டு வாசலில் போய், கையில் ஒரு ரொட்டியோடு நிற்கும். கேட் திறக்காது. திரும்பி வரும். வழியில் நடப்பதுதான் ஒவ்வொரு வாரமும் கதை.

இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். இவ்வளவைத்தான் எத்தனையோ பேர் காத்திருந்து படித்தார்கள். சிறைக்குப் போய் வந்தவர்கள் நிறையப் பேர் எழுதுவார்கள். ஒரு லாரி டிரைவர் எழுதினார்: "தகரம் அந்த கேட்டுக்கு வெளியே நிக்கிற வரைக்கும் நானும் என் அண்ணன் வீட்டு வாசல்ல நிப்பேன்க்கா." நீங்களே சொல்லுங்கள், அந்த மனிதரை நான் எப்படி நடுவழியில் விட்டுவிட முடியும்?

கதை எனக்கு வரும், படம் வராது. பணம் வாங்கிக்கொண்டு வரைந்து கொடுத்தவர்கள் தகரத்தை விளையாட்டுப் பொம்மை மாதிரி வரைந்தார்கள். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை தேடித் தரும் சங்கம் ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் மூலமாகத்தான் ஓவியர் என்னிடம் வந்தார். கொத்தனாராக இருந்தவர்; என் வீட்டு வாசலறையிலேயே தங்கிக்கொண்டார். உள்ளே இருந்தபோது செங்கல் துண்டால் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வரைந்து பழகியவர். இழுப்பு நோய் உண்டு. சட்டைப் பையில் இன்ஹேலர் எப்போதும் இருக்கும். வந்த முதல் நாளே, "அக்கா, இதுக்கு வாய் வேண்டாம். வாய் இருந்தா அழுதுடும். அழுதா ஜனங்க பாவம்னு விட்டுடுவாங்க" என்றார். கண்ணுக்கும் ஒரு சின்ன விளக்குதான் வைத்தார். மிச்சம் எல்லாம் தோள். தகரத்துக்கு என்ன மனநிலை என்பதை அதன் தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் வரைகிற முறை தனி. வேலை அறையில் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் எழுந்துபோய் அதன் முன் தகரம் மாதிரி நிற்பார். கை தொங்குகிற விதம், கழுத்து உள்வாங்குகிற விதம், எல்லாம் சரியாக வந்ததும் செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுவார். நான் எடுப்பேன். அதைப் பார்த்து வரைவார். "உடம்பு நிக்காததக் கை வரையாது அக்கா" என்பார். படம் முடிந்ததும் வரைந்த பக்கமும் அந்தப் புகைப்படங்களும் சேர்ந்து, வண்ணம் போட நான் வைத்திருந்த பெண்ணிடம் போகும். வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

அவள் வாயாடி. ஓவியரை மேஸ்திரி என்பாள். "மேஸ்திரி, தகரத்துக்கு இந்த வாரம் பூச்சு வேலை சரியில்ல, சிமெண்டுல மண்ணு அதிகம்" என்பாள். "நீ ஒழுங்கா சுண்ணாம்பு அடி பெயின்டரம்மா" என்பார் அவர். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. வெகுநாள் கழித்து என் வீட்டில் சத்தம் கேட்டது.

ஓவியர் செய்த குற்றத்தை அவரேதான் எனக்குச் சொன்னார். கைக்கடிகாரம் பழுது பார்க்கிற ஒரு பெரியவர், தனியாக இருந்தவர். பட்டப்பகலில் இவரும் கூட்டாளியும் உள்ளே போனார்கள். பெரியவரை நாற்காலியில் கட்டிவிட்டு எடுத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரைத் தாண்டியதும் யாருக்காவது போன் செய்து அவிழ்த்துவிடச் சொல்வதாக ஏற்பாடு. இவர் சொல்வார் என்று அவரும், அவர் சொல்வார் என்று இவரும் இருந்துவிட்டார்கள். கட்டியது இவர். சாரம் கட்டும்போது கொத்தனார்கள் போடுகிற முடிச்சு. பாரம் ஏற ஏற இறுகும். பெரியவர் திமிறியிருக்கிறார். திமிறத் திமிற மார்பில் இறுகியிருக்கிறது.

யார் கட்டியது என்று நீதிமன்றத்தில் கடைசிவரை தெரியவில்லை, இருவருக்கும் ஒரே தண்டனை. "என் பொண்ணுக்கும் தெரியாது அக்கா. நான் வெளிய நின்னேன்னுதான் நெனச்சிட்டு இருக்கு" என்றார். சொல்லிவிட்டுப் போய்க் கண்ணாடி முன் நின்றார். அந்த வாரம் வந்த தோளைப் பார்த்து நானே அழுதேன்.

அந்த மகள் ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை. அப்பா கைதான நாளிலிருந்து அவரைப் பார்க்காதவள். யார் விலாசம் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "யாரும் குடுக்கல. தகரம் நிக்கறதப் பாத்தேன். எங்கப்பா பஸ்ஸுக்கு அப்படித்தான் நிப்பாரு" என்றாள். சங்கத்தில் போய் விசாரித்து வந்திருக்கிறாள். ஓவியர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நீங்க முதல்ல ஒரு எடத்துல நில்லுங்கப்பா, எனக்குத் தலை சுத்துது. மாசமா இருக்கேன்" என்றாள் அவள். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. சமையலறைக்கு வந்துவிட்டேன். எனக்கும் நாகரிகம் தெரியும்.

அதன் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். ஓவியர் நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். முதலில் கவனித்தது வண்ணம் போடுகிறவள். "என்ன மேஸ்திரி, நம்ம தகரம் இந்த வாரம் பொண்ணு பாக்கக் கிளம்பிடுச்சா" என்று சிரித்தாள். நான் பக்கத்தைப் பார்த்தேன். தோள் நிமிர்ந்திருந்தது. திருத்தச் சொன்னேன். கண்ணாடி முன் போய் நின்று கழுத்தைக் குனித்துப் பார்த்தார், தோளை இறக்கிப் பார்த்தார். நடிப்பாக இருந்தது. உடம்பு நிற்காததைக் கை வரையாது என்று அவர்தானே சொன்னார். வாசகர்களும் எழுதினார்கள்: "தகரத்துக்கு யாரோ எண்ணெய் விட்டுட்டாங்க போல." லாரி டிரைவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எனக்குப் போர்வை வெடுக்கென்று இழுபட்ட மாதிரி இருந்தது.

ஒரு நாள் ஓவியர் வந்து உட்கார்ந்து, "அக்கா, தகரத்த மன்னிச்சிடலாம்" என்றார்.

"யாரு மன்னிக்கிறது?"

"அந்த வீட்டுக்காரங்கதான். கேட்டத் திறக்கட்டும். ரொட்டிய வாங்கிக்கட்டும். முடிச்சிடலாம் அக்கா. என் பொண்ணு பெரிய வீடா பாத்திருக்கு. எனக்குன்னு ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கு. குழந்தை பொறந்தா பாத்துக்க ஆள் வேணாமா?"

நான் கோபப்படவில்லை. நான் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மன்னிப்புக் கிடைத்தவனுக்கு ஊரெல்லாம் சொந்தம். கிடைக்காதவனுக்குத் துணையாக இருப்பது தகரம் ஒன்றுதான். அதையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே நிற்கிறவர்கள் கதி என்ன? இதை அவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்களும் உள்ள போகணும்னுதானக்கா நிக்கிறாங்க" என்றார்.

சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதை நாங்கள் கதையில் ஒருபோதும் காட்டியதில்லை. அதைக் காட்டாமல் மன்னித்தால் வாசகர்களை ஏமாற்றினதாகும். "அந்தக் கடிகாரக்காரப் பெரியவர் நாற்காலியில இருந்த மாதிரி படம் ஒண்ணு வேணும் தம்பி. அதை நீங்க உண்மையா வரைஞ்சு குடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் கேட்டத் திறந்துடறேன்" என்றேன். வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அது நியாயம்தான்" என்றார். நியாயம் என்பது அவர் சொன்ன சொல். அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் ஐயாவை.

அவர் கிளம்புகிற நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தோம். வண்ணம் போடுகிறவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் மகள் வந்து அவரைப் புது வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பெட்டி கட்டி வாசலறையில் வைத்திருந்தார். கைப்பிடி உள்ள பழைய மர நாற்காலியைக் கண்ணாடிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கயிறு அவர் கொண்டுவந்ததுதான். முடிச்சு எனக்குத் தெரியாது; அவரே தன் முழங்காலில் போட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். போர்வை மடித்த கை, சீக்கிரம் பிடிபட்டது. மார்பைச் சுற்றி ஒன்று, கைகளுக்கு ஒவ்வொன்று.

"அசைஞ்சா இறுகும் அக்கா. நான் அசைய மாட்டேன். ஏதாச்சும்னா இந்த வாலைப் பிடிச்சு இழுங்க, கழண்டுக்கும்" என்றார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

நான் படம் எடுத்தேன். எடுத்ததைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை அம்மா. நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. "அக்கா, மூக்கு அரிக்குது" என்று சிரிக்கிறார். எப்படிச் சிரிக்காமல் இருப்பார்? சாயங்காலம் மகள் வருவாள் என்று அவருக்குத் தெரியும். கடிகாரக்காரப் பெரியவருக்கு யாரும் வருவார்கள் என்று தெரியாது. வித்தியாசம் அங்கேதான் இருந்தது. எனக்குப் பளிச்சென்று விளங்கியது.

சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னேன்: "உங்க பொண்ணு போன் பண்ணிச்சு தம்பி. வரலையாம். முடிச்சு யாரு போட்டதுன்னு பேச்சுவாக்குல வாயில வந்துடுச்சு எனக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். "இன்னிக்கு நானே சொல்லணும்னு இருந்தேன் அக்கா" என்றார்.

அப்போது வந்தது. தோள் இரண்டும் மெல்ல உள்ளே மடிந்து, கழுத்து எங்கே என்று தெரியாமல், ஒரு ஆள் இருந்த இடத்தில் உடை மட்டும் மிச்சம் இருக்கிற மாதிரி. எத்தனையோ வருஷம் கதை சொல்லியிருக்கிறேன், நான் சொன்ன ஒரு வரிக்கு ஒரு உடம்பு அப்படிப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் அவருக்கு இழுப்பு ஆரம்பித்தது. சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார். "இதோ, இன்னும் ஒரே ஒரு படம்" என்றேன். மூச்சுக்குத் தவிக்கும்போது மார்பு விரியும் அல்லவா, கயிறு இறுகியது. கை முடிச்சுகளும் இறுகின.

வாசல் மணி அடித்தது. நான் வேலை அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

மகள் கேட்டுக்கு வெளியே நின்றாள். கையில் ஒரு புதுப் போர்வை, அப்பாவின் கட்டிலுக்கு. அப்பனும் மகளும் ஒரே வார்ப்பு. அவளுக்கும் தோள்தான் பேசும். கேட்டைத் திறக்காமலே பேசினேன். "இன்னிக்கு அவருக்கு மனசு சரியில்லம்மா. யாரையும் பாக்க வேண்டாம்னு சொல்றாரு. நாளைக்கு வா" என்றேன்.

போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "ஏதோ சொல்லணும்னு சொல்லிட்டிருந்தாரு ஆன்ட்டி. அதுக்குத்தான் பயப்படறாருன்னு நினைக்கிறேன். என்னவா இருந்தாலும் பரவாயில்லைன்னு சொல்லிடுங்க. எனக்கு ஏற்கெனவே பாதி தெரியும். மீதியும் தெரிஞ்சா ஒண்ணும் ஆகிடாது."

சொல்கிறேன் என்றேன். அவள் போர்வையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தேன்.

அவருக்கு அப்போது மூச்சு இருந்தது. நீங்கள் என்னிடம் மூன்று தடவை கேட்டது அதைத்தானே, ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இருந்தது. என்னைப் பார்த்தார். மகளுடைய குரல் காதில் விழுந்திருக்க வேண்டும்; கேள்வி கேட்கிற மாதிரி பார்த்தார். அவள் சொன்னதைச் சொல்லியிருந்தால் தோள் நிமிர்ந்திருக்கும். வாலைப் பிடித்து இழுத்திருந்தால் கயிறு கழன்றிருக்கும். இன்ஹேலர் பைக்குள்ளேதான் இருந்தது. நான் செல்போனை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து அவர் முகத்துக்கு வந்திருந்தது. அந்த வெளிச்சம் போகும்வரை எடுத்தேன்.

பிறகு கட்டை அவிழ்த்து, அவரைப் பாயில் படுக்க வைத்து, டாக்டரைக் கூப்பிட்டேன். இழுப்பு நோய்க்காரர் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை. மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நான் சொன்னதச் சொன்னீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். அவளை வதைக்க எனக்கு மனம் வரவில்லை.

வரைய ஆள் இல்லை. கடைசிப் புகைப்படத்தின் மேல் கோட்டோடு கோடாக நானே ஒற்றி எடுத்தேன். தோளுக்கு மேல் தகரத்தின் தலையை வைத்தேன். பெரியவர் நாற்காலியில் இருக்கிற படம்தான் முதலில் யோசித்தது. தகரத்தையே உட்கார்த்தி வைத்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று பிறகு தோன்றியது. வழக்கப்படி பக்கத்தையும் புகைப்படங்கள் அத்தனையையும் வண்ணம் போடுகிறவளுக்கு அனுப்பினேன். மறைக்கிற எண்ணம் இருந்தால் அனுப்பியிருப்பேனா? அவள் வேலையே வெளிச்சம் பார்ப்பதுதான். முதல் படத்தில் வெயில் தரையில் கிடக்கிறது, கடைசிப் படத்தில் சுவரின் பாதிக்கு ஏறியிருக்கிறது. நடுவில் கயிறு அவிழவே இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று போனில் என்னோடு பேசினாள். "மேஸ்திரி கண்ணு தொறந்திருக்கு அக்கா" என்றாள். போனை வைத்துவிட்டாள். நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளிடமிருந்து பக்கம் வர நேரமாகும் என்று நான் வண்ணம் இல்லாமலே அந்த வாரத்தை வெளியிட்டுவிட்டேன்.

எத்தனை பேர் எழுதினார்கள் தெரியுமா. லாரி டிரைவர் திரும்பி வந்துவிட்டார். "இப்பதான்க்கா நம்ம தகரம்" என்று எழுதியிருக்கிறார். உங்கள் ஸ்டேஷனிலேயே ஒரு அம்மாள் படிக்கிறாராம், என்னைக் கூட்டிவந்தபோது சொன்னார். அவரும் அழுதாராம்.

ஆமாம், கட்டியது நான். பொய் சொன்னது நான். மகளைத் திருப்பி அனுப்பியது நான். அவர் சாகிறார் என்று தெரிந்தே பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்ததும் நான்தான். இதற்கு நீங்கள் வைத்திருக்கிற பெயர் கொலை; அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு மனிதருக்கு யாருமே வேலை கொடுக்காத காலத்தில் வாழ்க்கையைத் திரும்பக் கொடுத்தவள் யார் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இன்னும் ஒன்று கேட்கலாமா அம்மா? வாசகர்கள் அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பார்கள், அவர்களை ஏமாற்றக் கூடாது. என்னை எங்கே அனுப்பினாலும் பேனாவும் காகிதமும் கொடுப்பார்கள் அல்லவா. அங்கே உள்ளே இருக்கிறவர்களில் வரையத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என்ன செய்துவிட்டு வந்தவராக இருந்தாலும் பரவாயில்லை, நான் யாரையும் கைவிடுகிறவள் இல்லை.